ஊசியும் தோழமையும்

இன்சுலினின் வரலாறு இரண்டு இளையோரிடமிருந்து தொடங்குகிறது. ஒருவன் ஏழை வீட்டுப் பையன். மற்றவள் அமைச்சர் வீட்டுப் பெண். அவன் பதின்ம வயதினன். அவளுக்கு 15 நிறைவதற்குச் சில நாட்களே இருந்தன. இருவரும் கனடா நாட்டு டொரொன்டோ நகரில், 1922ஆம் ஆண்டில், ஏழு மாத இடைவெளியில், ஒரே மருந்தினால் உயிர் மீண்டனர். மருத்துவ வரலாறு எழுதுவோர் இவ்விருவரின் பெயரையும் குறித்துவிட்டு, மருந்தைக் கண்டறிந்தவர்களின் புகழைப் பேச அப்பாற் சென்றுவிடுகின்றனர். உயிர் மீண்ட பின்னர் அவ்விருவரும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் என்று வாசகர் கேட்கக்கூடும். மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் இலக்கணப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு மாணவி புத்தகத்தின் மறைவிலே எதையோ வாயிற் போடுவதைக் கண்டேன். டொபி. எழுந்து நிற்கச் சொன்னேன், நின்றாள். கையிலிருந்த மிச்சத்தைக் குப்பைக் கூடையிற் போடச் சொன்னேன், போட்டாள். அவளுடைய நெற்றி வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. அச்சத்தின் நடுக்கம் என்றெண்ணி மேலும் இரண்டு வார்த்தை கடிந்தேன். மறுநாள் அவளுடைய தாயார் வந்தார். காரியாலயத்துக்கு வெளியே, தூணோரமாக நின்று, தணிந்த குரலிற் சொன்னார்: பிள்ளைக்குச் சீனி வருத்தம், நாளொன்றுக்கு நான்கு முறை ஊசி, சீனி மிகவும் இறங்கினால் உடனே இனிப்பு எதையாவது வாயிற் போடவேண்டும். என் தவறுக்கு வருந்த வாயெடுத்தேன். அவர் அதனைக் கேட்க வரவில்லை. “சேர், இத வேற ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க. ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவளக் கேட்டு யாரு வருவாங்க?” என்றார்.

அந்தத் தாயின் அச்சம் அறியாமையிற் பிறந்ததன்று. தாம் வாழும் சமுதாயத்தை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். அறியாதவனாக இருந்தவன் நான். அன்று தொட்டுத் தேடிப் படித்தவற்றின் பயனே இக்கட்டுரை.

நம்மூர்களிற் சீனி வருத்தம் என்றவுடன் ஐம்பதைத் தாண்டிய ஓர் உருவமே மனக்கண்முன் வருகிறது: சீனியில்லாத தேநீர், காலில் ஆறாத புண், கக்கத்தில் இடுக்கிய கிளினிக் கொப்பி. அது இரண்டாம் வகை நீரிழிவு. பிள்ளைகளைப் பெரும்பாலும் பற்றுவது முதலாம் வகை. வயிற்றின் பின்புறமுள்ள சதையி, தமிழகத்தார் அதனைக் கணையம் என்பர், இன்சுலினைச் சுரக்கும் தன் கலங்களை இழந்துவிடுகிறது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அக்கலங்களைப் பகையென மயங்கி அழித்துவிடுகிறது. இனிப்பு மிகுதியாகத் தின்றதனாலோ, தாயின் கவனக் குறைவினாலோ, கண்ணூறினாலோ வருவதன்று இது. இன்சுலின் அற்றபோது இரத்தத்திலே குளுக்கோசு பெருகி நிற்க, உடலின் கலங்களோ பட்டினி கிடக்கின்றன. குளம் நிரம்பியிருந்தும் மடை திறவாமற் காயும் வயலை எங்கள் இறக்காமத்து விவசாயி அறிவான். ஏறக்குறைய அந்நிலைதான்.

நோய் மிகப் பழையது. சரகரும் சுசுருதரும் இதனை மதுமேகம் என்று குறித்தனர். மெலிந்தோர்க்கு வருவதும் பருத்தோர்க்கு வருவதும் வேறென்று அக்காலத்திலேயே கண்டனர். பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனா தமது மருத்துவப் பெருநூலில் இதனை விவரித்தார். அப்துல் லத்தீப் அல்பக்தாதி இந்நோய்க்கென்றே தனிநூல் செய்தார். பெயரிட்டார்கள், குறி கண்டார்கள். ஆனால் பிள்ளைகளைக் காக்க எவருக்கும் வழி தெரிந்திருக்கவில்லை. தாகமும் மெலிவும் கண்ட பிள்ளை சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளில், மயக்கமுற்று மடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியர் பிரெடரிக் அலென் கண்ட சிகிச்சை பட்டினி ஒன்றே. உணவைக் குறைத்துக் குறைத்து, எலும்புந் தோலுமாய், நாட்களை நீட்டித்தனர். நோயினாற் சாவதா, பட்டினியாற் சாவதா என்ற தெரிவே பெற்றோர்முன் இருந்தது.

லியனார்ட் தொம்சன் என்ற சிறுவன் 1921 டிசம்பரில் டொரொன்டோ பொது வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டான். கட்டணஞ் செலுத்த வழியற்றவன். தரும நோயாளியாகச் சேர்க்கப்பட்டான். அவனுடைய நிறை 65 இறாத்தல். 1922 ஜனவரி 11ஆம் நாள், பான்டிங்கும் பெஸ்டும் மாட்டின் சதையியிலிருந்து எடுத்த சாறு அவனுடைய உடலில் ஏற்றப்பட்டது. பயன் சொற்பம்; ஊசி குத்திய இடமும் சீழ்கொண்டது. கொலிப் என்னும் இரசாயன அறிஞர் இரவு பகலாக உழைத்து அச்சாற்றைச் சுத்திகரித்தார். ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசி போட்டனர். இம்முறை சீனி இறங்கியது. சிறுவன் எழுந்து உட்கார்ந்தான்.

இங்கே ஒரு வார்த்தை. மயங்கிக் கிடந்த ஐம்பது குழந்தைகள் நிறைந்த வாட்டில் வைத்தியர்கள் கட்டில் கட்டிலாக ஊசி போட்டுச் சென்றனர் என்றும், கடைசிக் குழந்தைக்குப் போடுமுன் முதற் குழந்தை கண்விழித்தது என்றும் ஒரு கதை பலராலும் சொல்லப்படுகிறது. உருக்கமான கதைதான். ஆனால் 1922இன் முற்பகுதியில் ஒருவருக்குப் போதுமான மருந்து செய்வதே பெரும்பாடாக இருந்தது. இடையிற் சில வாரங்கள் செய்முறையே கைவராமற் போய்விட்டது. இதனை அறிந்தவர்கள் அக்கதையை நம்புவதரிது. உண்மையில் நிகழ்ந்தது அதனிலும் பெரிது. பான்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு 1923 ஜனவரியிற் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். மருந்து ஒருவரின் முதலாகிவிடலாகாது என்பது அவர்களின் எண்ணம். அதே மருந்து இன்று உலகின் பல நாடுகளில் ஏழைக்கு எட்டாத விலையில் விற்கப்படுகிறது.

எலிசபெத் ஹியூஸ் அந்த 1922 ஆகஸ்டில் டொரொன்டோ வந்தாள். தந்தை சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் அப்போது அமெரிக்காவின் வெளிநாட்டு அமைச்சர். மூன்றாண்டுகள் அலெனின் பட்டினியிற் கிடந்த அவளுடைய நிறை 45 இறாத்தல். நம்மூரில் ஆறேழு வயதுப் பிள்ளையின் நிறை. பான்டிங் தாமே அவளைப் பொறுப்பேற்றார். சில வாரங்களில் அவள் பாணும் பாலும் உண்டாள். சில மாதங்களில் வளர்ந்தாள்.

பிறகு? லியனார்ட் 1935இல், முப்பதை எட்டுமுன்பே, நியூமோனியாக் காய்ச்சலில் இறந்தான். எலிசபெத் பட்டம் பெற்றார், மணம் புரிந்தார், மூன்று மக்களைப் பெற்றார், 1981இல் 73 வயதிற் காலமானார். இந்த வேறுபாட்டை வர்க்க வேறுபாடு ஒன்றினாலேயே விளக்கிவிடலாம் என்று நான் துணியவில்லை. ஆனால் அதனை விட்டுவிட்டும் விளக்க முடியாது. என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொன்று. எலிசபெத் தம் வாழ்நாள் முழுவதும் இந்நோயை மறைத்தே வாழ்ந்தார். மிக நெருங்கிய சிலரைத் தவிர எவருக்கும் அவர் சொல்லவில்லை. தந்தையின் தாள்களிலிருந்தும் தம் நோய்பற்றிய குறிப்புக்களை அகற்றினார். அமைச்சர் மகளாய்ப் பிறந்து, படித்து, செல்வத்திலே வாழ்ந்த ஒருவர் அறுபதாண்டு இரகசியமாக ஊசி போட்டார் எனின், எங்கள் ஊர்த் தூணோரம் நின்ற அந்தத் தாயை நான் எவ்வாறு குறைசொல்வேன்?

இன்சுலின் இந்நோயைக் குணப்படுத்தவில்லை. சில மாதச் சாவாக இருந்ததை ஓர் ஆயுட்கால வேலையாக மாற்றியது. கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரில் அவித்தல், மழுங்கிய ஊசியைக் கல்லிலே தீட்டுதல், சிறுநீரைப் பெனடிக்ற் கரைசலோடு சூடாக்கி நிறம் பார்த்தல். நம் பிள்ளைகள் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உணவிலுள்ள சீனியைக் காண்பதற்குச் செய்யும் அதே சோதனைதான்: நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கட்டி நிறமாகும். அக்காலத்துப் பிள்ளை ஒன்று தன் உடலின் கணக்கை நாளுக்கு நான்கு முறை இவ்வாறு பார்க்கவேண்டியிருந்தது. வீட்டில் அது ஒன்றே அவ்வாறு செய்தது. பாடசாலையிலும் அது ஒன்றே. மருந்து வந்த பின்னர் தோன்றிய தனிமை இது.

இத்தனிமையை முதலிற் கண்டுகொண்டவர்களுள் லியனார்ட் வென்ட் ஒருவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வைத்தியர். 1925இல் நீரிழிவுள்ள பிள்ளைகளை மட்டும் திரட்டி ஒரு கோடைகால முகாம் நடத்தினார். 1929இல் ஒஹாயோவில் இன்னொன்று தோன்றியது. 1932இல் மசச்சூசெட்ஸில், செஞ்சிலுவைப் பணியாற்றிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த இடத்தில், பெண்பிள்ளைகளுக்கென ஒரு முகாம் எழுந்தது. பொஸ்டன் நகரத்துப் பெரும் வைத்தியர் எலியட் ஜொஸ்லின் அதற்குத் துணைநின்றார். அங்கே காலையில் ஒரு வரிசை சோதனைக் குழாய்கள். ஒரு வரிசை பிள்ளைகள். எல்லாரும் ஊசி போட்டனர்; எல்லாரும் அளந்து உண்டனர்; எல்லாரும் நீந்தினர். ஊசி போடாத பிள்ளையே அங்கு புதுமை. முந்திய நாள் வரை தாயின் கையை எதிர்பார்த்திருந்த சிறுமி, பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் தானே குத்திக்கொள்வதைப் பார்த்து, மறுநாள் தானும் குத்திக்கொண்டாள். வைத்தியரின் பத்து உபதேசம் செய்யாததை ஒத்த வயதுத் தோழியின் செயல் ஒன்று செய்துவிடுகிறது. ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. நாம் விளக்கி விளக்கிச் சலித்த கணக்கைப் பக்கத்திலிருப்பவன் இரண்டு வரியிற் புரியவைத்துவிடுவதை வகுப்புத்தோறும் காண்கிறோமல்லவா?

கூட்டாகச் சிகிச்சை பெறுதல் என்னும் எண்ணம் இதற்கு முன்பே, ஏழைகளின் வேறொரு நோயிலிருந்து பிறந்திருந்தது. 1905இல் ஜோசப் பிராட் என்னும் வைத்தியர் பொஸ்டனிற் காசநோயாளரின் ‘வகுப்பு’ ஒன்றைத் தொடங்கினார். செல்வர்கள் மலைவாசச் சுகநிலையங்களுக்குச் சென்று தேறினர். வாடகை அறைகளில் வாழ்ந்த தொழிலாளர் எங்கே செல்வர்? வாரத்துக்கு ஒருமுறை அவர்களைக் கூட்டினார். ஒவ்வொருவரும் தத்தம் ஓய்வையும் உணவையும் காய்ச்சலையும் ஒரு கொப்பியில் எழுதிவந்து காட்டினர்; அனைவர் முன்னும் நிறை பார்த்தனர். ஒருவர் தேறியதைக் கண்டு மற்றவர் நம்பிக்கை கொண்டனர். செலவைக் குறைக்கத் தொடங்கிய ஏற்பாடு அது. மனத்துக்கும் அதுவே மருந்தாவதைப் பிராட் பின்னரே உணர்ந்தார். வறுமையின் நெருக்கடியிலிருந்து பிறந்த வழி வசதியுள்ளோரின் வழியைவிடச் சிறந்ததாய் முடிவது வரலாற்றில் அபூர்வமன்று.

ஐரோப்பாவிலும் அவ்வாறே. போர்த்துக்கல் நாட்டு வைத்தியர் எர்னெஸ்டோ ரோமா பொஸ்டனில் ஜொஸ்லினின் பணியைக் கண்டு நாடு திரும்பி, 1926இல் லிஸ்பனில் ஒரு சங்கம் அமைத்தார். உலகின் முதல் நீரிழிவுச் சங்கம் அதுவே. அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஏழை நீரிழிவாளர் பாதுகாப்புச் சங்கம்’. இன்சுலினை இலவசமாய்க் கொடுப்பதும், அதனைப் பயன்படுத்தக் கற்பிப்பதும் அதன் பணி. மருந்தை மட்டும் கொடுத்தாற் போதாது என்று அந்நாளிலேயே அவர் கண்டிருந்தார்.

இங்கிலாந்திற் கதை சற்று வேறு. ரொபின் லோரன்ஸ் என்னும் இளம் வைத்தியருக்கே இந்நோய் வந்தது. சாவை எதிர்நோக்கி இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் போய் இருந்தவரை, இன்சுலின் கிடைத்துவிட்டது என்ற செய்தி 1923இல் இலண்டனுக்கு மீட்டது. தம் நோயாளரோடு தாமும் ஒரு நோயாளியாய் நின்ற அவர், நீரிழிவுற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் சேர்ந்து 1934இல் நீரிழிவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். உலகறிந்த எழுத்தாளர் ஒருவர் ‘எனக்கு இந்நோய் உண்டு’ என்று வெளிப்படையாகச் சொன்னது அக்காலத்திற் சிறு காரியமன்று. எலிசபெத்தின் மௌனத்தையும் வெல்ஸின் பேச்சையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஆணுக்கு எளிதாயிருந்தது பெண்ணுக்கு எளிதாயிருக்கவில்லை என்பதும் அதில் அடங்கும். 1950இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் லோரன்ஸே.

இனி, குமரப் பருவத்தைப்பற்றி. சிறு பிள்ளைக்குத் தாய் ஊசி போடுகிறாள். முப்பது வயதினர் தாமே போட்டுக்கொள்கின்றனர். இடையிலுள்ள ஆண்டுகளே இடர் மிகுந்தவை. தாயின் கை விலகுகிறது. தன் கை இன்னும் பழகவில்லை. உடலும் அதற்கேற்பச் சதி செய்கிறது: பருவமடையுங் காலத்துச் சுரப்புக்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன என்று 1980களில் ஆய்வாளர் காட்டினர். முந்திய ஆண்டு போதுமாயிருந்த அளவு இவ்வாண்டு போதாது. வீட்டாரோ ‘நீ களவாக இனிப்புத் தின்றாய்’ என்கின்றனர். பிள்ளை தின்றிருக்கலாம், தின்னாமலும் இருந்திருக்கலாம். குற்றஞ்சாட்டப்பட்ட பிள்ளை செய்வது ஒன்றுதான்: சோதித்துப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது, அல்லது கொப்பியிற் பொய்க்கணக்கு எழுதுகிறது. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு நடத்தப்பெற்ற பேராய்வு, சீனியை நெருக்கமாகக் கட்டுப்படுத்தினாற் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காக்கப்படும் என நிறுவியது. அவ்வாய்விற் பங்குகொண்ட 13 முதல் 17 வயதினரும் பயன்பெற்றனர்; ஆயினும் பெரியவர்கள் எட்டிய அளவை அவர்களால் எட்ட முடியவில்லை. சிறந்த வைத்தியர், தாதியர், கருவிகள் யாவும் இருந்தும் அந்நிலை.

எனவே வைத்தியத்தின் முறையையே மாற்றிப் பார்த்தனர் சிலர். 1989இல் மிச்சிகனைச் சேர்ந்த பாபரா அன்டர்சனும் துணைவரும், இளையோரைச் சிறு குழுக்களாக அமர்த்தி, தத்தம் சீனிக் கணக்கைத் தாமே வாசித்து முடிவெடுக்கப் பழக்கினர்; வழக்கமான கிளினிக்குக்கு மட்டும் சென்றவர்களைவிட அவர்களின் கட்டுப்பாடு நன்றாயிருந்தது. இத்தாலியின் துரின் நகரில் மரினா திரென்டோ குழுவினர், தனித்தனிச் சந்திப்புக்குப் பதிலாகக் குழுச் சந்திப்பையே வழக்கமான சிகிச்சையாக்கினர். அது முதியோரின் இரண்டாம் வகை நோய்க்கு. ஐந்தாண்டு கழித்து 2004இல் வெளிவந்த முடிவு, தனியே வந்தோர் அறிவிலும் வாழ்க்கைத் தரத்திலும் பின்தங்க, கூட்டாக வந்தோர் முன்னேறியதைக் காட்டியது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் டென்வரிலும் லொஸ் ஏஞ்சலிஸிலும் இளையோர்க்கெனவே குழுக் கிளினிக்குகள் நடந்துள்ளன.

அங்கு நடப்பது பெரிய வித்தையன்று. ஆறேழு பேர் ஒரே நேரத்துக்கு வருகின்றனர். நிறையும் சீனியும் பார்க்கப்படுகின்றன. வைத்தியர் ஒவ்வொருவரையும் சில நிமிடம் தனியே காண்கிறார். மற்ற நேரமெல்லாம் வட்டமாக அமர்ந்த பேச்சு. எதைப் பேசுவது என்பதைப் பிள்ளைகளே தெரிகின்றனர்: விளையாட்டு மைதானத்திற் சீனி இறங்கினால், நண்பனுக்கு எப்படிச் சொல்வது, பயணத்தில் ஊசியை எங்கே வைப்பது. பெற்றோர் வேறோர் அறையிற் கூடித் தம் அச்சங்களைத் தமக்குள் பேசுகின்றனர். இம்முறை எல்லா ஆய்விலும் சீனி அளவை ஒரே சீராக இறக்கிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மிகைபடப் புகழ்வது நோயாளிக்கு உதவாது. ஆனால் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிடும் வயதில், பிள்ளைகள் விரும்பி வரும் கிளினிக்கு ஒன்று உண்டென்றால் அது சாமானியமானதா?

நம்மை அடுத்த நிலத்துக்கு வருவோம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுவே முன்னோடி. பிள்ளைகளுக்கென அரசே முன்வந்து செய்த காரியம் கேரளத்தது. 2018இல் அம்மாநிலச் சமூகப் பாதுகாப்பு மிஷன் முதலாம் வகை நீரிழிவுள்ள 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இன்சுலினும் சோதனைக் கருவியும் இலவசமாக வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பெயர் ‘மிட்டாயி’. இனிப்புக் காட்டி ஏசப்படும் பிள்ளைகளின் திட்டத்துக்கு இப்படிப் பெயர் வைத்தவர் எவரோ, குழந்தை மனம் அறிந்தவர். அரச மருத்துவக் கல்லூரிகளில் வைத்தியர், தாதி, உணவு ஆலோசகர் ஆகியோர் ஒருங்கிருந்து பிள்ளையையும் பெற்றோரையும் பயிற்றுகின்றனர்.

இலங்கையராகிய நாம் கட்டணமில்லாக் கல்வியையும் கட்டணமில்லா வைத்தியத்தையும் பெற்றவர்கள். இதனை எவ்வளவு போற்றினாலும் தகும். 2022இன் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதுதான் அதன் அருமையைப் பலர் உணர்ந்தனர். ஆனால் எதற்காக அது ஏற்பட்டதோ, அதன் பாதி வழியிலேயே நாம் நிற்கிறோம். 2011 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 35 வயதைக் கடந்தோரையே முதன்மையாகக் கருதுவன. பதினைந்து வயதுப் பிள்ளை அவற்றின் கணக்கில் இல்லை. அது பெரியோரின் கிளினிக்கு வரிசையில், அதிகாலை இலக்கம் எடுத்து, காலிழந்த முதியவருக்கும் கண்மங்கிய மூதாட்டிக்கும் நடுவே அமர்ந்திருக்கிறது. தன் எதிர்காலத்தை இரு பக்கமும் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம். பிறகு மூன்று நிமிடம் வைத்தியர். ‘சீனி கூடிட்டு; சாப்பாட்டப் பாத்துக்க மகள்’ என்ற ஒரு வரி. வைத்தியரைக் குறைசொல்லவும் வழியில்லை. வெளியே நூறு பேர் காத்திருக்கின்றனர், துணை வைத்தியர்களோ பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டனர்.

குழுவாகக் கூட்டுவது நமக்கு அந்நியமான முறையா? 1926இல் களுத்துறையிலே முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல், வைத்தியத்தை வாட்டிலிருந்து மக்களின் வாசலுக்குக் கொண்டுவந்த நாடு இது. கருவுற்ற தாய்மார் ஒன்றாக அமர, மருத்துவமாது நடுவே நின்று பேசும் காட்சியை ஊர்தோறும் காண்கிறோம். முதற் பிள்ளைக்காரி அங்கு கற்பதில் பாதி, மருத்துவமாதிடமிருந்தன்று. பக்கத்திலிருக்கும் மூன்றாம் பிள்ளைக்காரியிடமிருந்து. தாய்மார் ஆதரவுக் குழுக்களும் சுகாதாரத் திணைக்களத்தின் ஆதரவில் இயங்குகின்றன. வயலிலும் அப்படியே. போகத் தொடக்கத்தில் வட்டவிதானையார் முன்னிலையிற் கமக்காரர் கூடித்தான் நீர் திறக்கும் நாளை முடிவுசெய்கின்றனர். தாய்க்கும் நெல்லுக்கும் கூடத் தெரிந்த நாம், இந்தப் பிள்ளைகளுக்காக மட்டும் கூடவில்லை. இறக்காமம், சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, கல்முனை என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களின் பிள்ளைகளை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓரிடத்திற் கூட்டுவதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. ஒரு வைத்தியர், ஒரு தாதி, ஒரு பாடசாலை மண்டபம் போதும்.

நோன்பு மாதத்தையும் இங்கே சொல்லியாகவேண்டும். நோயுற்றோர்க்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. பெரியோர் அதனை அறிவர். பதினைந்து வயதுப் பையனோ அதனை அறிந்தும் ஏற்க மாட்டான். வகுப்பிலே எல்லாரும் நோன்பு, தான் மட்டும் எப்படித் தண்ணீர் குடிப்பது? குடித்தாற் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் நோய் வெளிப்படும். ஆகவே வைத்தியரைக் கேளாமல் நோன்பு பிடிக்கிறான், அல்லது மலசலகூடத்தில் மறைந்து தண்ணீர் குடிக்கிறான். இரண்டும் கொடுமை. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் அதனோடு இணைந்த வைத்தியர் கூட்டமைப்பும் 2016இலும், திருத்தி 2021இலும், நோன்புகால வழிகாட்டி வெளியிட்டுள்ளன. யாருக்கு ஆபத்து மிகுதி, எந்நேரத்திற் சோதிப்பது, எந்த அளவிற் சீனி இறங்கினால் உடனே நோன்பை முறிப்பது என்றெல்லாம் அதிலுண்டு. விரல் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதும் உண்டு. நோன்புக்கு ஒரு மாதம் முன்பே இப்பிள்ளைகளை ஒருங்கே அமர்த்தி, வைத்தியரும் மௌலவியும் சேர்ந்து பேசினால் என்ன? தன்னைப்போல் இன்னும் நால்வர் அச்சலுகையைப் பெறுகின்றனர் என்று கண்ட பையனுக்கு, அது சலுகை என்பது அப்போதுதான் விளங்கும். அதுவரை அவனுக்கு அது ஒரு குறை.

அந்த மாணவி இப்போது உயர்தரம் படிக்கிறாள். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கும் இந்நோய் கண்டது. அவனுடைய வாப்பா என்னிடம் வந்து, பிள்ளை ஊசிக்கு அழுகிறான் என்றார். மாணவியின் பெயரை நான் சொல்லவில்லை. அவளுடைய உம்மாவிடம் சென்று, சொல்லலாமா என்று கேட்டேன். ஒரு வாரம் விடை இல்லை. இரண்டாம் வாரம், “அவளே சொல்றாளாம் சேர்” என்று செய்தி வந்தது.

ஒரு சனிக்கிழமை பாடசாலை நூலகத்தில் இருவரும் தத்தம் உம்மாமாருடன் வந்து அமர்ந்தனர். சற்றுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு சிறுவன் கேட்டான்: “ராத்தா, சோதினை மண்டபத்துக்குள்ள டொபி கொண்டுபோக விடுவாங்களா?” அவள் என்னைப் பார்த்தாள், சிரித்தாள். “முதல்லயே சேர்மாருக்குச் சொல்லி வெச்சா விடுவாங்க” என்றாள். அவனுடைய ஊசிப் பேனாவை வாங்கி, நுனியை மாற்றும் விதத்தையும், தொடையில் ஒரே இடத்திற் குத்தாமல் இடம் மாற்றிக் குத்தவேண்டியதையும் விளக்கினாள். உம்மாமார் இருவரும் மூலையில் தமக்குள் பேசத் தொடங்கியிருந்தனர். நான் வெளியே வந்து நின்றேன். வரிப்பத்தான்சேனையிலிருந்து மூன்றாமவன் ஒருவன் அடுத்த மாதம் வரக்கூடும். அவனுடைய வாப்பா பஸ் வரும் நேரத்தை விசாரித்திருக்கிறார்.